மூன்று கிலோ எண்ணூறு

என் வங்கிக் கணக்கு எண் எனக்குத் தெரியாது. கைப்பேசியைப் பார்த்துத்தான் சொல்வேன். ஆனால் தெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சியின்போது என் கையில் கொடுக்கப்பட்ட துப்பாக்கியின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். சார்ஜண்ட் அப்படித்தான் கேட்பார். விளக்கணைக்கிற நேரத்தில், கழிவறை வாசலில், சாப்பாட்டு வரிசையில். தெரியவில்லை என்றால் தண்டால்.

துப்பாக்கியின் பெயர் எஸ்.ஏ.ஆர். 21. எடை 3.82 கிலோ. சொல்லும்போது பெரிதாகத் தெரியாது. ஈரச்சந்தையில் ஒரு முழுக் கோழி, ஒரு முட்டைக்கோஸ், கொஞ்சம் வெங்காயம் வாங்கினால் அவ்வளவு வந்துவிடும். 24 கிலோமீட்டர் நடையின் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் அந்த எடை உண்மையில் எவ்வளவு என்று புரியும். முதுகில் மூட்டை, இடுப்பில் தண்ணீர், தலையில் ஹெல்மெட், இவற்றோடு இதுவும். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுவோம். மாற்றிய அடுத்த நிமிடமே திரும்ப மாற்றத் தோன்றும்.

முதல் விடுப்பில் பூன் லேயில் இருக்கிற பெரியப்பா வீட்டுக்குப் போனேன். மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "சாமான் எவ்ளோ கனம்டா?"

சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். "எங்க எம்-16 இவ்ளோ கனம் கெடையாது. ஆனா நீளம். பஸ்ஸுல ஏறுனா முன்னாடி நிக்கிறவன் முதுகுல குத்தும்."

அவர் சொன்னது சரிதான். அவர் காலத்து எம்-16எஸ்1 ஏறக்குறைய 99 சென்டிமீட்டர். என்னுடையது 80.5. எங்களுடையதில் தோட்டாப் பெட்டி விசைக்குப் பின்னால், தோள்பக்கம் இருக்கிறது. அதனால்தான் குழலைக் குறைக்காமலே மொத்த நீளத்தைக் குறைக்க முடிந்தது. கவச வண்டிக்குள் ஏறி இறங்க வசதி. மேலே தூக்கும் கைப்பிடியிலேயே ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி, குழலுக்குக் கீழே லேசர், கன்னம் படுகிற இடத்தில் கெவ்லார் தகடு. உள்ளே ஏதாவது வெடித்தாலும் முகம் தப்பிக்க வேண்டும் என்று அந்தத் தகட்டை வைத்திருக்கிறார்கள். எடை கூடியது இதற்கெல்லாம்தான். நவீனமாக்குவது என்றாலே இலேசாக்குவது என்றுதான் நினைத்திருந்தேன். படை வீரன் விஷயத்தில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு புது வசதியும் அவன் முதுகில்தான் வந்து உட்காருகிறது. இங்கேயே 'அட்வான்ஸ்டு காம்பேட் மேன் சிஸ்டம்' என்ற பெயரில் சிப்பாயைக் கணினியோடும் திரையோடும் இணைக்கிற ஒரு திட்டம் நடந்தது. திரையைச் சுமக்கலாம். அதற்கு மின்கலம் வேண்டுமே, அதை யார் சுமப்பது?

பெரியப்பாவிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பிசிறு இருந்துச்சா?" என்றார்.

"என்ன?"

"தொடைக்கும்போது வெரல்ல எங்கயாச்சும் பிசிறு தட்டுச்சான்னு கேட்டேன்."

அப்போது எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

*

பெரியப்பா தேசிய சேவையை முடித்தபின் ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து இருபது வருடம் கடைசல் பிடித்தவர். என்ன செய்தார் என்று வீட்டில் விவரமாகச் சொன்னதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்பார். கேட்டால் 'சாமான்' என்பதோடு சரி. துப்பாக்கியும் சாமான், அதன் உள்ளே இருக்கும் ஊசியும் சாமான். பெரியம்மா மார்க்கெட்டில் வாங்கி வருவதும் சாமான்.

அவர் சொல்லாததைப் புத்தகங்களில் படித்தேன். பல்கலைக்கழகத்தில் எந்திரப் பொறியியல் படித்த நான்கு வருடமும் நூலகத்தில் பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் நான் படித்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

1965இல் தனி நாடானபோது சிங்கப்பூரிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒரு படை கிடையாது. 1967இல் தேசிய சேவை வந்தது. அதே ஆண்டு ஜனவரியில், சேவைக்கு ஆள் எடுப்பதற்கு முன்பே, சார்ட்டர்டு இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டுவிட்டது. முதல் வேலை 5.56 மில்லிமீட்டர் தோட்டா செய்வது. அடுத்த ஆண்டே, 1971க்குள் தன் படைகளை இங்கிருந்து எடுத்துக்கொள்ளப்போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. தோட்டா தீர்ந்துபோய், விற்கிறவன் 'இந்த மாதம் முடியாது' என்று சொன்னால் துப்பாக்கி வெறும் இரும்புக்குழாய். அந்தப் பயம்தான் தொழிற்சாலையாக எழுந்து நின்றது.

தோட்டாவுக்குப் பிறகு துப்பாக்கி. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி எம்-16எஸ்1 இங்கேயே செய்தார்கள். இங்கேதான் எனக்குச் சுவாரசியமான சிக்கல் வருகிறது.

ஒரு சிப்பாய்க்கு ஒரு துப்பாக்கி. நன்றாகப் பராமரித்தால் அது இருபது முப்பது வருடம் உழைக்கும். சின்ன நாடு. தேவையான எண்ணிக்கையைத் தொழிற்சாலை சில வருடங்களில் செய்து கொடுத்துவிடும். அதன் பிறகு? அந்த எந்திரங்கள், அச்சுகள், அளவுமானிகள், அதையெல்லாம் ஓட்டத் தெரிந்த ஆட்கள், இவர்கள் அடுத்த இருபது வருடம் என்ன செய்வார்கள்?

ஊரில் தேர் செய்கிற தச்சர்களைப் பற்றித் தாத்தா சொன்னது நினைவுக்கு வருகிறது. ஒரு கோயிலுக்கு ஒரு தேர். அது மூன்று தலைமுறைக்கு ஓடும். தச்சர் குடும்பம் மூன்று தலைமுறை சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? வேறு ஊருக்குத் தேர் செய்யப் போக வேண்டும். இல்லாவிட்டால் கதவு, கட்டில், ஜன்னல் செய்து பிழைக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், பழைய தேரின் அச்சு முறிகிற அன்றைக்கு அதைச் சரிசெய்யத் தெரிந்தவன் ஊரிலேயே இருக்க மாட்டான்.

தொழிற்சாலை வேறு ஊருக்குத் தேர் செய்யப் பார்த்தது. ஆனால் எம்-16ஐ வெளிநாட்டுக்கு விற்க வேண்டுமானால் கோல்ட் நிறுவனமும் அமெரிக்க அரசும் ஒப்புக்கொள்ள வேண்டும். உரிமத்தொகை வேறு. அதனால் சொந்தமாக ஒன்று வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் நிறுவனத்தின் உதவியோடு எஸ்.ஏ.ஆர். 80 வந்தது. அது நம் படையின் முதன்மைத் துப்பாக்கி ஆகவில்லை. விற்பனைக்குப் போனது. பிறகு அல்டிமேக்ஸ் 100 என்ற இலகு எந்திரத் துப்பாக்கி.

அல்டிமேக்ஸ் பற்றி ஒரு பத்தி எழுதாமல் என்னால் நகர முடியாது. அதை வடிவமைத்தவர் ஜேம்ஸ் சல்லிவன் என்ற அமெரிக்கர். ஏஆர்-15 உருவானபோதும் வேலை செய்தவர். சாதாரணமாக எந்திரத் துப்பாக்கி சுடும்போது உள்ளே இருக்கும் போல்ட் பின்னால் பாய்ந்து சட்டத்தின் பின்சுவரில் மோதும். அந்த மோதல்தான் தோளில் உதையாக விழும். சல்லிவன் அந்த ஓட்டத்தின் தூரத்தைக் கூட்டினார். போல்ட் சுவரைத் தொடுவதற்கு முன்பே ஸ்பிரிங் அதை நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடும். தடால் தடால் என்ற உதைகளுக்குப் பதிலாக ஒரே சீரான தள்ளல். எடை 5 கிலோவுக்கும் கீழே. முதல்முறை அந்த வரைபடத்தைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். இவ்வளவு எளிமையா என்று. அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒரு மாதிரியாகவும் இருந்தது. நான் ரசித்தது ஒரு ஸ்பிரிங்கின் நீளத்தை. அந்த ஸ்பிரிங் எதற்காக அங்கே இருக்கிறது என்பதை ஒரு நிமிடம் மறந்திருந்தேன்.

*

பட்டம் வாங்கிய பிறகு பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். கிடைத்தது துவாஸில் பதினொரு பேர் வேலை செய்கிற ஒரு சின்னப் பட்டறை. ஐந்து சி.என்.சி. எந்திரங்கள், மூலையில் ஒரு பழைய லேத். விமானத்துக்கு ஒரு துண்டு, எண்ணெய்த் தொழிலுக்கு ஒரு துண்டு, மருத்துவக் கருவிக்கு ஒரு துண்டு. முழுப் பொருள் எதையும் நாங்கள் செய்வதில்லை. எல்லாமே துண்டுதான்.

அதில் ஒன்று, கட்டைவிரல் நீள அலுமினியத் துண்டு. பத்து வருடமாக வருடத்துக்கு இரண்டு முறை ஆர்டர் வரும். இடையில் இருக்கும் இன்னொரு நிறுவனத்தின் வழியாக. டிராயிங்கில் எண் மட்டும் இருக்கும், எதற்கு என்று இருக்காது. அதன் வடிவத்தையும் பூச்சின் நிறத்தையும் பார்த்த முதல் நாளே எந்த மாதிரி இடத்தில் மாட்டப்படும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் அதே மாதிரி ஒன்றை நான் தோளில் சுமந்திருக்கிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்தத் துண்டைச் செய்வது எங்கள் மூத்த மெஷினிஸ்ட். 63 வயது. எல்லோரும் 'சிஃபு' என்றுதான் கூப்பிடுவோம். அதன் ஒரு பக்கச் சுவர் மிக மெல்லியது. எந்திரத்தில் இறுக்கிப் பிடித்து வெட்டும்போது அளவு சரியாக இருக்கும். பிடியைத் தளர்த்தினால் வளைந்துவிடும். நான் சேர்ந்த புதிதில் கணினியில் மூன்று நாள் கணக்குப் போட்டு ஒரு வழி சொன்னேன். நூற்றுக்கு முப்பது துண்டு குப்பைக்குப் போனது. சிஃபு ஒன்றும் சொல்லவில்லை. அவர் வழி வேறு. முதலில் கொஞ்சம் தடிமனாக வெட்டுவார். கழற்றி எடுத்து ஒரு ராத்திரி அப்படியே மேசையில் வைத்துவிடுவார். உலோகத்துக்குள் இருக்கிற இறுக்கமெல்லாம் அடங்கி, வளைய வேண்டிய மட்டும் வளைந்துகொள்ளட்டும் என்று. காலையில் தானே செய்த மரப்பெட்டி ஃபிக்ஸ்சரை எடுத்து, விரலால் பிடிக்கிற மாதிரி மெதுவாகப் பிடித்துக் கடைசி வெட்டு. பிறகு ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார்.

அதைப் பார்த்தபோதுதான் பெரியப்பாவின் கேள்வி எனக்குப் புரிந்தது.

சிஃபுவின் வழி டிராயிங்கில் கிடையாது. எங்கள் கம்பியூட்டரில் கிடையாது. 'பாதுகாப்புத் தொழிலைத் தக்கவைத்தல்' என்று மாநாடுகளில் பெரிய வார்த்தையில் பேசுகிறார்கள் அல்லவா, அந்த வார்த்தையைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது இப்படி ஒரு மனிதரின் கட்டைவிரல்தான் என்று எனக்குத் தோன்றும். கடைசியில் போய்ச் சேருகிற பெரிய நிறுவனத்துக்கு எங்கள் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம்.

போன வருடம் ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. அந்த டிராயிங் எண் இனிப் பயன்பாட்டில் இல்லை, அடுத்த ஆர்டர் கிடையாது, இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி.

வருத்தப்பட எனக்கு உரிமையில்லை. அந்த இடத்துக்கு வேறு ஏதோ நல்லதாக, புதிதாக வந்திருக்கும். சிப்பாய்க்கு நல்லதுதான். அடுத்த முகாம் பயிற்சியில் நானேகூட அதைச் சுமக்கலாம். ஆனால் வருடத்தில் சிஃபுவின் இரண்டரை மாத வேலை அந்த இரண்டு வரியோடு போய்விட்டது. பாஸ் என்னைக் கூப்பிட்டு, அந்த ஃபிக்ஸ்சர்களை வைத்திருப்பதா தூக்கிப்போடுவதா என்று கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னார். துவாஸில் இடத்துக்கு வாடகை உண்டு. மரப்பெட்டிக்கும் உண்டு. தூக்கிப்போடலாம் என்றுதான் கணக்கு சொன்னது.

*

அதற்கு இரண்டு மாதம் கழித்து இன்னொரு மின்னஞ்சல். ஒரு இடைத்தரகர். வேறு டிராயிங், ஆனால் அதே குடும்பத்துத் துண்டு. அதே மெல்லிய சுவர். நாங்கள் வழக்கமாகச் செய்ததைப்போல மூன்று மடங்கு எண்ணிக்கை. விலையும் தாராளம். யாருக்காக என்ற இடத்தில் 'ரகசியம்' என்று போட்டிருந்தது. எந்த நாட்டுக்கு என்ற இடம் காலி.

"உனக்குத்தான் இந்த மாதிரி சாமான் தெரியுமே, பாத்துச் சொல்லு" என்று பாஸ் என்னிடம் தள்ளிவிட்டார்.

சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவு. கேந்திரப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003இலிருந்து இங்கே நடப்பில் இருக்கிறது, சுங்கத்துறை பார்த்துக்கொள்கிறது. அனுமதியில்லாமல் அனுப்ப முடியாது. ஆனால் தரகர் கெட்டிக்காரர். ஏற்றுமதி எங்கள் பொறுப்பில்லையாம். உள்ளூரிலேயே சரக்கை எடுத்துக்கொள்வாராம். எங்கள் தாளில் அது ஒரு உள்ளூர் விற்பனை மட்டும்.

மூன்று நாள் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிஃபு கோப்பிக் கடையில் என் பக்கத்தில்தான் உட்காருவார். எனக்கு மீன் பிடிக்குமென்று தன் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து வைப்பார். அவருடைய மனைவிக்கு வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ்.

நூலகத்தில் படித்தவை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. இங்கே செய்த அல்டிமேக்ஸ், 1990களின் குரோஷியப் போரில் இருந்திருக்கிறது. ஆள் கொல்லும் கண்ணிவெடிகளின் ஏற்றுமதியைச் சிங்கப்பூர் 1998இல் காலவரையின்றி நிறுத்திவைத்தது. உற்பத்தி தொடர்ந்ததால் 2002இல் நார்வேயின் பெட்ரோலிய நிதி சிங்கப்பூர் டெக்னாலஜிஸ் எஞ்சினியரிங்கைத் தன் முதலீட்டிலிருந்து விலக்கியது. கண்ணிவெடியும் கொத்துக் குண்டும் இனிச் செய்வதில்லை என்று அந்த நிறுவனம் 2015இல் அறிவித்தது. இதையெல்லாம் தேர்வுக்குப் படிக்கிற பையனைப்போலக் குறித்து வைத்திருந்தேன். எங்கோ பெரிய மேசைகளில் பெரிய மனிதர்கள் எடுக்கிற முடிவுகள் என்று. அதே கேள்வி கொஞ்சம் சிறிதாகி, ஒரு கட்டைவிரல் நீளத்துக்குக் குறுகி, என் மேசைக்கு வரும் என்று நினைக்கவில்லை.

பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். நேரில் வா என்றார்.

முழுவதையும் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு தடவ நியூஸ்ல பாத்தேன்" என்றார். "தொண்ணூத்தி ஒண்ணோ ரெண்டோ. வெள்ளக்காரனுங்க ஊரு, பனி கொட்டுது. ஒருத்தன் ஓடுறான். அவன் கையில சாமான். எனக்குப் பாத்தவொடனே தெரிஞ்சுருச்சு."

"பெரியம்மாகிட்ட சொன்னீங்களா?"

"என்னத்த சொல்றது? எந்திரிச்சுப் போயி பாத்திரம் கழுவுனேன். அன்னிக்கு மொத நாளா நான் பாத்திரம் கழுவுறேன்னு அவளுக்கு ஆச்சரியம்."

"யாருக்குப் போகுதுன்னு நீங்க யாரும் கேட்டதில்லையா?"

"இல்ல. வேல இல்லாத மாசம் மெஷினத் தொடச்சுத் தொடச்சு வெச்சுக்கிட்டு ஒக்காந்திருப்போம் தம்பி. ஆர்டர் வந்துருச்சுன்னா கைதட்டுவோம். அதுல யாரு கேப்பா?" கொஞ்சம் நிறுத்தினார். "கேட்டிருக்கணுமான்னு இன்னிக்கும் தெரியல. நீ படிச்சவன். நீ கேளு."

படித்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலை பதில் எழுதினேன். இறுதியில் பயன்படுத்துபவர் யார், எந்த நாடு என்ற விவரமும் அதற்கான சான்றும் வந்தபிறகே விலை தர முடியும். அவ்வளவுதான். இரண்டு வரி.

இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு வேறு பட்டறை கிடைத்துவிட்டது, நன்றி என்று வந்தது. அந்தத் துண்டு செய்யப்படாமல் போகவில்லை. எங்களால் செய்யப்படவில்லை, அவ்வளவே. பாஸ் அந்த மின்னஞ்சலைப் படித்தார், தலையாட்டினார், அடுத்த கோட்டேஷனைக் கேட்டார். நான் செய்தது சரி என்றோ தப்பு என்றோ இன்றுவரை சொல்லவில்லை.

சிஃபு இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார். ஒரு மருத்துவக் கருவிக்கான துண்டு வந்திருக்கிறது. மெல்லிய சுவர்தான். அவருடைய ஒரு ராத்திரி வைத்தியம் அதற்கும் வேலை செய்கிறது. லாபம் குறைவு. மரப்பெட்டியைத் தூக்கிப்போடச் சொல்லி நான் போட்ட கணக்கை அவர் பார்க்கவில்லை. பெட்டியை என் மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தரகரின் மின்னஞ்சலைப் பற்றியும் அவரிடம் நான் சொல்லவில்லை. மீன் துண்டு இன்னும் என் தட்டுக்கு வருகிறது.

எனக்கு முரண்பாடு இல்லாமல் இல்லை. என் கையில் கொடுக்கப்படும் துப்பாக்கி நன்றாக இருக்க வேண்டும். முடிந்தால் இங்கேயே செய்ததாக இருக்க வேண்டும், நெருக்கடி வந்தால் இன்னொருவன் வாசலில் போய் நிற்கக் கூடாது. அதே சமயம் இங்கே செய்த எதுவும் எங்கோ பனியில் ஓடுகிற ஒருவன் கையில் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாக ஆசைப்படுகிறேன். ஒன்றின் செலவை இன்னொன்றுதான் இத்தனை வருடம் கட்டியிருக்கிறது என்பது தெரிந்தே ஆசைப்படுகிறேன்.

*

இரண்டு மாதத்துக்கு முன் முகாம் பயிற்சிக்குப் போனேன். புது மேலங்கி கொடுத்தார்கள். முதுகுப்பக்கம் கொஞ்சம் காற்று போகிறது. வேர்வை பழைய அளவுக்கு ஒட்டவில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவன் வங்கியில் வேலை செய்கிறான், தொப்பை வைத்துவிட்டது, பட்டி எட்டவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

துப்பாக்கி அதேதான். எண் வேறு. எடை அதே மூன்று கிலோ எண்ணூறு. கடைசி நாள் மதியம், ஆர்ம்ஸ்கோட் வாசலில் தரையில் உட்கார்ந்து எல்லோரும் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பாகமாக எடுத்து, துணியால் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தேன். யோசிக்காமலே கட்டைவிரல் விளிம்புகளின் மேல் ஓடியது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஒரு இடத்தில்கூடப் பிசிறு இல்லை.

"இன்ஜினியர், என்ன தடவிக்கிட்டு இருக்க, சீக்கிரம் மாட்டு லா," என்றான் வங்கிக்காரன். "நாலரைக்கு பஸ்."

மாட்டினேன். எண்ணைச் சொல்லி ஒப்படைத்தேன்.